வக்கீல் அலுவலகத்தின் பிடிஎஃப் கோப்புகளை மொத்தமாகச் சுருக்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் கணினிகளை நான் அவ்வப்போது பார்த்துக்கொடுக்கிறேன். அங்கே சிவில் வழக்குகளே அதிகம். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் என்று கட்சிக்காரர்கள் கொண்டுவரும் காகிதமெல்லாம் ஸ்கேன் ஆகி ஒரே கணினிக்குள் போய்ச் சேர்கிறது. "தெளிவாக இருக்கட்டும்" என்று யாரோ ஒருவர் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), முழு வண்ணம் என்று ஒருமுறை வைத்துவிட்டார். அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. நாற்பது பக்கமுள்ள ஒரு கட்டு 150 எம்பியைத் தாண்டிவிடுகிறது. ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பை ஏற்காது. நீதிமன்றத்தின் மின்தாக்கல் தளத்தில் ஏற்றும்போதும் உச்சவரம்பு இடிக்கிறது. மொத்தக் குவியல் சுமார் 40 ஜிபி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்குவது நடக்கிற காரியமில்லை.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அலுவலகத்திலும் அவசரத்துக்கு அவற்றைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதை முதலில் நிறுத்தச் சொன்னேன். ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் ஆகியோரின் புகைப்படம், பெருவிரல் ரேகை, முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்ததை ஊர் பேர் தெரியாத ஒரு சர்வருக்கு ஏற்றிவிட்டு, "ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்" என்ற அவர்களின் வாக்குறுதியை நம்பிக்கொண்டிருக்க முடியாது. வேலை முழுவதும் இணைய இணைப்பில்லாத ஒரு லேப்டாப்பில்தான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

என்னுடைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். தேவைப்பட்ட கருவிகள் எல்லாமே இலவசமானவை: பிடிஎஃப்பைத் திருப்பி எழுதிச் சுருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், கோப்பின் கட்டமைப்பைச் சோதிக்கும் க்யூபிடிஎஃப், பிடிஎஃப்பின் விவரங்களை எடுத்துக் காட்டும் பாப்ளர் தொகுப்பின் சிறு கட்டளைகள், படங்களை அளக்கவும் மாற்றவும் இமேஜ்மேஜிக், ஸ்கேன் பிடிஎஃப்களுக்கான ஓசிஆர்மைபிடிஎஃப். கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988 முதல் இருந்துவரும் பழைய ஆள். பிடிஎஃப் என்ற வடிவமே 1993இல்தான் வந்தது. இன்று சந்தையில் விற்கும் பல "பிடிஎஃப் சுருக்கி" மென்பொருள்களுக்குள்ளும் உழைப்பது இதுதான்.

மூலக் கோப்புகளை ஒரு தனி எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகலெடுத்து, எழுத முடியாதபடி பூட்டி, வக்கீலிடமே கொடுத்துவிட்டேன். நான் கை வைத்தது இன்னொரு நகலில்.

அந்த நகலை எடுக்கும்போதே ஒரு சிக்கல். சில கோப்புகள் "பெயர் மிக நீளம்" என்று சொல்லி நகல் ஆக மறுத்தன. அலுவலகத்தில் கோப்புக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அப்படி: கட்சிக்காரர் பெயர், ஊர், எதிர்தரப்பு, என்ன பத்திரம், எந்த ஆண்டு எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதி, கடைசியில் "புதியது இறுதி" என்றும் சேர்ப்பார்கள். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடமுண்டு. லினக்ஸின் டிஸ்க் அமைப்பில் கணக்கு குறிகளில் இல்லை, பைட்டுகளில். வரம்பு 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் செலவாகும். "பெ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி, ஆக 6 பைட். 85 குறிகளைத் தாண்டினால் அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். விண்டோஸிலேயே அந்தக் கோப்புகளின் பெயர்களைச் சுருக்கிய பிறகே மேலே போக முடிந்தது. பெயர்களில் இருக்கும் இடைவெளியும் அடைப்புக்குறியும், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டளைச் சுழலைக் குழப்பும் என்பதால், கோப்புப் பட்டியலை எடுக்கும்போது பெயர்களுக்கு நடுவே பூஜ்ய பைட்டைப் பிரிப்பானாக வைக்கும் முறையைப் பின்பற்றினேன்.

இனி, எது கனமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோப்பின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 300 பக்கக் கட்டு 30 எம்பி என்றால் அது நியாயமான அளவு. ஒரு பக்க நோட்டீஸ் 6 எம்பி என்றால் அங்கே ஏதோ தவறு. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையால் பக்க எண்ணிக்கையை எடுத்து, அளவை அதால் வகுத்து, பக்கத்துக்கு எத்தனை கேபி என்று ஒரு பட்டியல் தயாரித்து லிப்ரெஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறந்தேன். இறங்குவரிசையில் அடுக்கியதும் படம் தெளிவாகிவிட்டது. எண்ணிக்கையில் கால்வாசிகூட இல்லாத கோப்புகள்தாம் இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. வேர்டில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கியவையும், நீதிமன்றத் தளத்திலிருந்து இறக்கிய தீர்ப்புகளும் பக்கத்துக்கு சில பத்து கேபியோடு பட்டியலின் அடியில் அமைதியாகக் கிடந்தன. அவற்றைச் சுருக்க முனைவதே வீண்.

அந்த 6 எம்பி நோட்டீஸைத் திறந்து பார்த்தேன். அலுவலகத்தின் லெட்டர்ஹெட்டில், கட்டைவிரல் நகம் அளவே தெரியும் சின்னத்துக்குள் ஒரு ஃபிளெக்ஸ் பேனருக்கான படம் உட்கார்ந்திருந்தது. அனுப்பிய நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் அந்த மூட்டை பயணம் செய்திருக்கிறது. லெட்டர்ஹெட் கோப்பில் படத்தை மாற்றியதும் புது நோட்டீஸ்கள் 90 கேபிக்குள் வந்துவிட்டன.

பெரிய கோப்புகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவது பிடிஎஃப்இமேஜஸ் கட்டளை. அதைப் பட்டியல் முறையில் ஓட்டினால், பக்கவாரியாக ஒவ்வொரு படத்தின் அகலம், உயரம், வண்ணம், எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை பைட் என்று ஒரு வரி வரும். ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்துக்கு வந்த வரி இது: அகலம் 5100, உயரம் 8400, மூன்று வண்ணம், ஜேபெக் (படத்தைச் சுருக்கும் முறை), 600 டிபிஐ, 3.9 எம்பி. முத்திரைத்தாள் ஏ4ஐ விட நீளம் என்பதால் லீகல் அளவில், அதாவது எட்டரைக்குப் பதினான்கு அங்குலத்தில், ஸ்கேன் செய்திருக்கிறார்கள். நாலு கோடியே 28 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சுருக்காவிட்டால் அந்த ஒரு பக்கமே 128 எம்பி இருந்திருக்கும். ஜேபெக் அதைத் தன்னால் முடிந்தவரை குறைத்துத்தான் வைத்திருக்கிறது. முத்திரைத்தாளின் பின்னணியில் ஓடும் நுண்ணிய பூவேலைக் கோடுகள்தாம் அதற்கு எதிரி. வெறும் வெள்ளைத் தாளாக இருந்தால் இதே டிபிஐயில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்.

600ஐ 300 ஆக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை பாதியாகாது, கால்வாசியாகும். முழுப் பலனும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் இதற்கென ஆயத்த அமைப்புகள் உண்டு. "ஸ்கிரீன்" என்றால் வண்ணப் படங்கள் 72 டிபிஐக்கு இறங்கும். "ஈபுக்" என்றால் 150. "பிரிண்டர்" என்றால் 300. இணையத்தில் யாரைக் கேட்டாலும் "ஈபுக் போடுங்கள்" என்பார்கள். நானும் சில கட்டுகளில் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். 3.9 எம்பி பக்கம் 200 கேபிக்கு வந்தது. திரையில் படித்தால் எழுத்தெல்லாம் தெரிந்தது. அதை அலுவலகத்தின் குமாஸ்தாவிடம் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரங்களோடு வாழ்கிறவர். அங்கே எல்லோருக்கும் அண்ணாச்சி.

அவர் பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பக்கத்தின் ஓரத்துக்குப் போனார். சார்பதிவாளர் அலுவலகத்தின் ஊதா நிற வட்ட முத்திரை. அதற்குள் ஆவண எண், ஆண்டு, மொத்தப் பக்கம், இது எத்தனையாவது பக்கம் என்ற குறிப்புகள். "பெரிதாக்குங்கள் தம்பி" என்றார். பெரிதாக்கினேன். வட்டத்தின் விளிம்பில் வளைந்து ஓடும் ஊர்ப்பெயர் ஊதாக் கறையாகக் கரைந்துபோயிருந்தது. கையால் எழுதிய ஆவண எண்ணில் நடு இலக்கம் 3 என்றும் சொல்லலாம், 8 என்றும் சொல்லலாம். "வாசகத்தை டைப் அடித்துக்கூடக் கொடுத்துவிடலாம். குறுக்கு விசாரணையில் அவர்கள் கேட்பது இந்த எண்ணைத்தான்" என்றார்.

முத்திரை மட்டும் கரைவதற்குக் காரணம் உண்டு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. இதை நம்பி ஜேபெக், நிறத் தகவலை மட்டும் பாதி நுட்பத்தில் சேமிக்கும் வசதியை வைத்திருக்கிறது. கறுப்பு எழுத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை. ஊதா முத்திரையும் பச்சை மையில் இட்ட அதிகாரியின் கையெழுத்தும் அடுத்தடுத்து, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக, வரும் இடத்தில்தான் விளிம்புகள் குழம்புகின்றன. டிபிஐயும் குறைந்து நிறமும் பாதியானால், 150 டிபிஐ படத்தில் நிறத்துக்கு மிஞ்சுவது 75தான்.

அதற்குப்பின் 300க்குக் கீழே இறங்கும் பேச்சுக்கே இடமில்லை. மின்தாக்கல் விதிகளும் பொதுவாக 300 டிபிஐ ஸ்கேனையே கேட்கின்றன. அதனால் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் ஆயத்த அமைப்புகளை விட்டுவிட்டு, ஒவ்வோர் அளவையும் கையால் கொடுத்தேன்: வண்ணப் படமும் சாம்பல் படமும் 300, குறைக்கும் முறை பைக்யூபிக் (அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து கணக்கிடுவது), ஜேபெக் தரம் சற்றுக் கூடுதலாக, நிறத்தைப் பாதியாக்காமல். பக்கத்துக்கு 700 கேபி அளவில் வந்து நின்றது. அண்ணாச்சி முத்திரையைப் படித்துக் காட்டிவிட்டு, "இது ஆகும்" என்றார்.

ஆனால் எல்லாக் கோப்புகளும் இதற்கு மசியவில்லை. கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு படத்தைக் குறைக்க வேண்டுமானால், அது நாம் கேட்ட டிபிஐயைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது அதன் இயல்பான விதி. 300 என்று கேட்டால் 450க்கு உட்பட்ட படங்களைத் தொடாது. டிபிஐ குறையாத ஜேபெக் படத்தை அது மறுபடி சுருக்குவதும் இல்லை. உள்ளது உள்ளபடியே அடுத்த கோப்புக்குள் தூக்கி வைத்துவிடும். "சுருக்கியும் ஒரு கேபிகூடக் குறையவில்லையே" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான். நான் அந்த ஒன்றரையை 1.1 ஆக்கினேன். 1.0 என்றால் 305 டிபிஐ படத்தைக்கூட அவிழ்த்து மறுபடி கட்டும். இடமும் மிச்சமாகாது, தரமும் போகும். ஜெராக்ஸ் கடையில் 200 டிபிஐயில் எடுத்துவந்த கோப்புகள் இந்த விதியால் தொடப்படாமல் அப்படியே வந்து சேர்ந்தன. அது நல்லதுதான். ஏற்கெனவே ஒருமுறை ஜேபெக் ஆன படத்தை மீண்டும் ஜேபெக் ஆக்குவது, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போன்றது.

கைபேசிச் செயலிகளால் எடுத்த பிடிஎஃப்கள் வேறு விதமாக முரண்டு பிடித்தன. ஒரு பட்டா நகல். படம் 3024க்கு 4032 புள்ளி, பக்கம் ஒன்றுக்கு 3 எம்பி. என்ன செய்தும் குறையவில்லை. பிடிஎஃப்இமேஜஸ் பட்டியலில் டிபிஐ என்ற இடத்தில் 72 என்று இருந்தது. எப்படி? பிடிஎஃப்பில் பக்க அளவைப் பாயிண்ட் கணக்கில் எழுதுவார்கள். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். அந்தச் செயலி, படத்தின் ஒரு புள்ளிக்கு ஒரு பாயிண்ட் என்று போட்டுவிட்டது. ஆக அந்தப் பட்டா, காகிதக் கணக்கில் 42 அங்குல அகலமும் 56 அங்குல உயரமும் கொண்ட ஒரு சுவரொட்டி! அவ்வளவு பெரிய தாளில் பரப்பினால் 72 டிபிஐதான் வரும். கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பார்வையில் அது ஏற்கெனவே மிகத் தாழ்ந்த தரம், குறைக்க ஒன்றுமில்லை. இதற்கு மருந்து, முதலில் பக்கத்தை லீகல் அளவுக்குப் பொருத்துவது. அப்படிப் பொருத்தச் சொல்லும் தேர்வுகள் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிலேயே இருக்கின்றன. அகலம் எட்டரை அங்குலமானதும் அதே படம் 355 டிபிஐ ஆகிறது. உடனே 300க்கு இறங்கவும் செய்கிறது. அகலம் 14 அங்குலத்துக்கு மேல் உள்ள பக்கங்களை மட்டும் தனிப் பட்டியலாகப் பிரித்து, பெரிய புல வரைபடங்கள் அதில் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, இப்படி ஓட்டினேன்.

புல வரைபடத்தைச் சொன்னேன் அல்லவா, அதற்குத் தனிக் கவனம் வேண்டியிருந்தது. எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளில் மயிரிழைக் கோடுகளும் அவற்றின்மேல் பொடி எழுத்தில் மீட்டர் அளவுகளும் இருக்கும். பல வரைபடங்கள் கறுப்பு வெள்ளையில், ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்ற கணக்கில் ஸ்கேன் ஆனவை. கோஸ்ட்ஸ்கிரிப்ட் இத்தகைய படங்களைக் குறைக்கும்போது, சொல்லாமல் விட்டால் சராசரி எடுக்காது. நாலு புள்ளியில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எறிந்துவிடும். ஒரு புள்ளி அகலமே உள்ள கோடு எறியப்படும் பக்கத்தில் விழுந்தால் வரப்பு மறைந்துவிடும். எல்லைத் தகராறு வழக்கில் இதைவிட வேடிக்கை வேறு வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படங்களின் டிபிஐயைத் தொடாதே என்று கட்டளையிலேயே எழுதிவிட்டேன்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏற்கெனவே சின்னவை. அவற்றை இன்னும் சின்னதாக்க ஜேபிக்2 என்ற முறை இருக்கிறது. அதில் இரண்டு வழிகள். ஒன்று, எந்தப் புள்ளியும் மாறாமல் சுருக்குவது. மற்றொன்று, பக்கத்தில் ஒரேமாதிரி தெரியும் எழுத்துகளைக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஓர் அச்சை வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே பதிப்பது. பின்னது அளவை வெகுவாகக் குறைக்கும். அதன் ஆபத்தை உலகுக்குக் காட்டியவர் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர். 2013இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, அறைகளின் பரப்பளவு எண்கள் மாறி வந்ததைக் கண்டுபிடித்தார். பக்கம் மங்கவில்லை, கலங்கவில்லை; தெளிவான, கூர்மையான, ஆனால் தவறான எண்கள். 6 இருந்த இடத்தில் 8. இயந்திரம் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிட்டது. அந்த நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

சர்வே எண் 136/8 என்பது 138/8 ஆனால் நிலமே வேறு. மங்கிய எண்ணைப் பார்த்தால் மூலப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றும். பளிச்சென்று இருக்கும் தவறான எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? ஆகவே எதுவும் மாறாத முதல் வழி மட்டுமே. ஓசிஆர்மைபிடிஎஃப்பின் சுருக்க நிலையை 1இல் வைத்தால் அது இழப்பில்லாத வழியில் மட்டுமே நிற்கும். இந்த இடத்தில் இன்னொரு முன்னெச்சரிக்கையும் வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு ஜேபிக்2 படத்தைப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. ஜேபெக்2000 என்ற இன்னொரு சுருக்க முறையிலும் அதனால் புதிதாகச் சுருக்கி எழுத முடியாது. மின்நூலகங்களிலிருந்து இறக்கிய பழைய சட்டப் புத்தகங்கள் பல இந்த இரண்டு முறையையும் கலந்து ஏற்கெனவே இறுக்கிக் கட்டப்பட்டவை. அவற்றை கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் கோப்பு குறைவதற்குப் பதிலாகப் பெருத்து வரக்கூடும்.

வெள்ளைத் தாளில் டைப் செய்த பிராது நகல், எதிருரை நகல், வாக்குமூல நகல் ஆகியவையும் 600 டிபிஐ வண்ணத்தில்தான் கிடந்தன. இவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கிடைக்கும் லாபம் வேறு எதிலும் கிடைக்காது: 2 எம்பி பக்கம் 50 கேபிக்கு வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு நிறச்செறிவு இருக்கிறது என்று இமேஜ்மேஜிக்கால் அளந்து, நிறமே இல்லாத பக்கங்களைத் தனியே எடுத்தேன். அதிலும் அலுவலகத்தின் சொந்த நகல்களை மட்டுமே மாற்றினேன். நீதிமன்ற முத்திரையோ நீல மைக் கையெழுத்தோ உள்ள பக்கம் கறுப்பு வெள்ளை ஆனால், அது மூலத்தின் ஸ்கேனா, ஜெராக்ஸின் ஸ்கேனா என்று பிறகு சொல்ல முடியாமல் போய்விடும். முத்திரைத்தாளையும் ஆசைக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். பின்னணிப் பூவேலை முழுக்கக் கறும்புள்ளிகளாக மாறி எழுத்தை விழுங்கிவிட்டது. அவ்வளவு பொடிப்புள்ளிகளைச் சுருக்க முடியாமல் கோப்பும் பெரிதாகவே இருந்தது.

வெற்றுப் பக்கங்களை நீக்கலாமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இருபுறமும் ஸ்கேன் செய்யும்போது பின்பக்கங்கள் வெறுமையாக வருவது உண்மைதான். ஆனால் பத்திரத்தின் பின்பக்கத்தில்தான் பதிவு அலுவலகக் குறிப்பும் ரேகையும் இருக்கும். ஒரு மங்கலான ரப்பர் ஸ்டாம்பை மென்பொருள் வெற்றுப் பக்கம் என்று நினைத்துவிடக் கூடும். பக்க எண்ணிக்கை மாறுவதும் கட்டுக்கு நல்லதில்லை. வெற்றுப் பக்கம் சுருங்கியபின் அதிக இடமும் எடுப்பதில்லை. விட்டுவிட்டோம்.

தொடவே கூடாத கோப்புகள் என்று ஒரு வகை இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்திட்ட பிடிஎஃப்கள் அவை. கையெழுத்து, கோப்பின் பைட்டுகளை எண்ணி எடுத்த கணக்கின்மேல் நிற்கிறது. ஒரு பைட் மாறினாலும் கணக்கு பிசகும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை முழுக்கப் புதிதாக எழுதுவதால் கையெழுத்து போயே போய்விடும். இழப்பில்லாமல் சுருக்கும் க்யூபிடிஎஃப்கூட இதில் உதவாது. கண்ணுக்குத் தெரிவது மாறாவிட்டாலும் பைட் மாறிவிடுகிறதே. பாப்ளரின் பிடிஎஃப்சிக் கட்டளையைக் கொண்டு கையெழுத்துள்ள கோப்புகளைக் கண்டுபிடித்துத் தனி ஃபோல்டரில் ஒதுக்கினேன். கடவுச்சொல் இட்ட கோப்புகளையும் அப்படியே. இறக்கிய ஆதார் நகல் இதற்கு நல்ல உதாரணம்: பூட்டும் உண்டு, கையெழுத்தும் உண்டு. கடவுச்சொல்லைக் கொடுத்து கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் வெளியே வருவது பூட்டில்லாத கோப்பு. சில கேபியை மிச்சப்படுத்தப் போய் ஒருவரின் ஆதாரைத் திறந்துவைக்கும் வேலை நமக்கு எதற்கு?

தட்டச்சு செய்த தமிழ் பிடிஎஃப்களில் எழுத்தைத் தேடவும் நகலெடுக்கவும் முடிவது கோப்புக்குள் இருக்கும் ஓர் அட்டவணையால். எந்த வடிவம் எந்த எழுத்து என்று அது சொல்கிறது. "கொ" என்பதில் முன்னே நிற்கும் கொம்பும் பின்னே வரும் காலும் தனித்தனி வடிவங்கள் என்பதால், தமிழில் இந்த அட்டவணை எப்போதும் நோஞ்சான்தான். கோப்பைத் திருப்பி எழுதும்போது அது இன்னும் கெடலாம். சுருக்குவதற்கு முன்னும் பின்னும் எழுத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டு, வேறுபாடு வந்தவற்றை விட்டுவிட்டேன். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகளில் தேடுவதற்கு ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் தெளிவான பிறகு, மொத்தமாக ஓட்டுவதற்கான ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக எழுதிய கட்டளைகள், நீளமாக இல்லை. பக்கத்துக்கு 1 எம்பிக்கு மேலுள்ள கோப்பை எடு. கையெழுத்தோ பூட்டோ இருந்தால் ஒதுக்கு. தற்காலிகப் பெயரில் சுருக்கு. பக்க எண்ணிக்கை சரியா பார். க்யூபிடிஎஃப்பின் சோதனையில் தேறுகிறதா பார். பத்து சதவீதமாவது குறையவில்லை என்றால் புதியதை எறிந்துவிட்டு மூலத்தையே வை. எல்லாம் சரி என்றால் உண்மைப் பெயருக்கு மாற்று. கோப்பின் தேதியை மூலத்தின் தேதியாகவே திருத்து. தற்காலிகப் பெயர் எதற்கு என்றால் மின்வெட்டுக்காக. பாதியில் நின்றால் அரைகுறைக் கோப்பு முழுக்கோப்பின் பெயரில் கிடக்கக் கூடாது. தேதி எதற்கு என்றால், அலுவலகத்தில் எல்லோரும் தேதிவாரியாக அடுக்கித்தான் தேடுகிறார்கள். ஒரே நாளில் எல்லாக் கோப்புக்கும் புதுத் தேதி விழுந்தால் என்னைத்தான் திட்டுவார்கள்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் இந்த வேலையில் ஒரு நேரத்தில் ப்ராசசரின் பல கோர்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஒன்றை மட்டும்தான் பயன்படுத்துகிறது. ஆகவே கோப்புகளை நாலாகப் பிரித்து எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கட்டளை வழியாக ஒரே நேரத்தில் இணையாக ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடிய லேப்டாப்புக்கு ஒரு டேபிள் ஃபேனையும் வைக்க வேண்டியிருந்தது.

முடிந்தபின் இரண்டாயிரம் கோப்பையும் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்காமல் ஒப்படைக்கவும் மனம் வராது. ஒவ்வொரு கோப்பின் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் 100 டிபிஐ படங்களாக்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இமேஜ்மேஜிக்கால் எண்ணாக்கி, மோசமானவை மேலே வரும்படி அடுக்கினேன். மேலே வந்தவற்றை அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பெரும்பாலும் கைபேசிப் படங்கள்தாம். பக்க அளவை மாற்றியதால் வந்த வேறுபாடு, சேதம் ஒன்றுமில்லை. ஒரு டிடிபி மையத்திலிருந்து வந்த மனை வரைபடத்தில் மட்டும் நிறங்கள் சற்றே திரிந்திருந்தன. அச்சுக்கான நான்கு வண்ணக் கோப்பு அது. அதற்கு மூலத்தையே திரும்ப வைத்தோம். பிறகு, அண்ணாச்சி தானாகவே சில பழைய பத்திரங்களைத் தேர்ந்தெடுத்து முத்திரை, ஆவண எண், சர்வே எண் மூன்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டார். அவர் தலையசைத்ததைத்தான் நான் இறுதிச் சோதனையாக எடுத்துக்கொண்டேன்.

40 ஜிபி குவியல் எட்டரை ஜிபி அளவுக்கு வந்தது. வண்ணப் பத்திரங்கள் மட்டுமே கொண்ட நாற்பது பக்கக் கட்டு இப்போதும் 28 எம்பி இருக்கிறது, மின்னஞ்சலில் போகாது. அதற்காக, அனுப்புவதற்கு மட்டும் 150 டிபிஐயில் "படிப்பு நகல்" என்று பெயரிலேயே குறித்து வேறொரு ஃபோல்டரில் உண்டாக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டையும் எழுதிக் கொடுத்தேன். அந்த நகலைத் தாக்கல் செய்யக் கூடாது என்று வக்கீல் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஸ்கேனரில் இப்போது இரண்டு அமைப்புகள் மட்டும். "பத்திரம்" என்றால் 300 டிபிஐ வண்ணம், லீகல் அளவு. "டைப்" என்றால் 300 டிபிஐ கறுப்பு வெள்ளை. 600ஐ எடுத்துவிட்டேன், புல வரைபடத்துக்குத் தேவைப்பட்டால் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை ஸ்கிரிப்ட் தானாகவே ஓடி, பக்கத்துக்கு 1 எம்பியைத் தாண்டிய புதுக் கோப்புகளை மட்டும் எடுக்கிறது. அதில் இப்போது சிக்குபவை பெரும்பாலும் கட்சிக்காரர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் 42 அங்குலப் பட்டாக்கள்தாம்.